குவீனிக்கு வைத்த உப்பு

என் தந்தையின் மூத்த சகோதரர் வில்ஃபிரிட் ரேஸ்ட்ரிக்கைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி ஒன்றே ஒன்றுதான். அவர் முயல் வேட்டைக்குத் தாம் வளர்த்த ஃபெரெட் என்னும் கீரி போன்ற பிராணிக்குப் பச்சை இறைச்சியை ஊட்டினார். அது அவருடைய கைக்குழந்தையின் முகத்தைக் கடித்தது. இதில் இரண்டு பகுதிகளும் உண்மை. ஆனால் அவை அந்த வரிசையில் நிகழவில்லை. எது முன், எது பின் என்பதைப் பதிவு செய்ய வேண்டிய கடமை எனக்கு உண்டு. அவரை அறிந்தவர்களுள் இன்று உயிரோடிருப்பவர்கள் என்னையும் சேர்த்து இருவரே.

இங்கிலாந்தில் டர்ஹம் மாவட்டத்துக் கரிச்சுரங்க ஊர்களுள் ஒன்றான தார்ன்கில்லில், மூன்றாம் வரிசை என்ற தொழிலாளர் தெருவின் கடைசி வீட்டில் பெரியப்பா குடியிருந்தார். பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கி, முப்பதுக்குள் கரி வெட்டுவதில் பெயர் எடுத்தவர். அகன்ற தோள், சிறிய கண்கள், மிகக் குறைந்த பேச்சு. "வில்ஃப் வாயிலேருந்து ஒரு வார்த்தை வாங்கணும்னா கடப்பாரை வேணும்" என்று பக்கத்து வீட்டு செப்டிமஸ் ஹர்ட் சொல்வாராம்.

பெரியம்மாவின் பெயர் டார்கஸ். அவர் ஈன்ற முதல் இரண்டு குழந்தைகளும் ஓராண்டு நிறைவதற்கு முன்பே இறந்தன. மூன்றாவதாக தர்ஸா பிறந்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்குப் பின் இன்னொன்று பிறக்கும் என்று அவர் எண்ணவில்லை. ஆகவே அந்தக் குழந்தையை அவர் எவரிடமும் விட்டுச் சென்றதில்லை. தேவாலயத்துப் பெண்கள் கேட்டாலும் தரமாட்டார். சொந்தத் தங்கை கேட்டாலும் தரமாட்டார். கணவரிடம் மட்டும் விடுவார். இந்த ஒரு விதிவிலக்கை மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆண்டு அந்த வீட்டில் இழப்பதற்கு மிஞ்சியிருந்தவை குழந்தையும், கணவர்மீது மனைவி வைத்திருந்த நம்பிக்கையும் மட்டுமே.

அது 1926ஆம் ஆண்டு. கூலியைக் குறைக்க ஒப்பாத தொழிலாளர்களை வெளியே நிறுத்திச் சுரங்க முதலாளிகள் மே மாதத்திலேயே கதவடைத்துவிட்டார்கள். ஜூனில் தர்ஸா பிறந்தாள். கோடை முடிவதற்குள் வரிசையிலிருந்த வீடுகளில் அடகு வைக்கத்தக்க பொருள் எதுவும் இல்லை. பெரியப்பாவின் வீட்டைத் தாங்கியது குவீனிதான்.

குவீனி வெண்ணிற ஃபெரெட், பெண். கீரியைப் போன்ற நீண்ட உடல், குட்டைக் கால்கள், இளஞ்சிவப்புக் கண்கள். குட்டியாக இருந்தபோதே பெரியப்பாவின் கோட்டுக்குள் உறங்கிப் பழகியது. முயல் வளைகளின் வாய்களில் எல்லாம் வலை விரித்துவிட்டு அதை உள்ளே விடுவார்கள். அதன் வாடைக்கே முயல்கள் மிரண்டு வெளியே பாய்ந்து வலையில் விழும். பெரியப்பாவும் என் தந்தை கத்பர்ட்டும் விடியற்காலையில் மலைச்சரிவுக்குச் சென்று, அங்கே வேட்டையைத் தடுக்கும் காவலாளிகளின் கண்ணில் படாமல் முயல்களோடு திரும்புவார்கள்.

ஃபெரெட்டுக்கு உணவூட்டுவதில் மூன்றாம் வரிசைக்கு ஒரு நெறி இருந்தது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். அது தவிர வேறில்லை. பாலிலேயே நீர் இருப்பதால் தனியாகத் தண்ணீர் வைக்கும் வழக்கம் கிடையாது. கூண்டு நனைந்தால் பாதம் புண்ணாகும் என்ற அச்சமும் இருந்தது. பச்சை இறைச்சியைக் காட்டவே கூடாது. முயலை அறுத்ததும் குடலையும் நுரையீரலையும் ஃபெரெட்டின் மூக்கு எட்டுவதற்குள் புதைத்துவிடுவார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இந்தத் தடை இருமடங்கு கண்டிப்பானது. இரத்தத்தைச் சுவைத்த ஃபெரெட் தொட்டிலைத் தேடி வரும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. பெரியப்பாவும் அதை ஐயமின்றி நம்பினார்.

செப்டம்பரில் பெரியம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. பண்ணையிலிருந்து கடனாகக் கிடைத்த சிறிதளவு பால் முழுவதும் குழந்தைக்கே போயிற்று. குவீனியின் கிண்ணம் காலியாயிற்று. அன்று மாலை பின்முற்றச் சுவரில் சாய்ந்தபடி பெரியப்பாவும் செப்டிமஸும் தாமும் பேசிக்கொண்டதை என் தந்தை பலமுறை கூறியிருக்கிறார்.

"பால் நின்னுபோச்சு, செப்" என்றார் பெரியப்பா.

"அதுக்காக ரத்தம் காட்டப்போறியா?"

"எனக்கென்ன பைத்தியமா? வீட்ல குழந்தை இருக்கு."

"அவ்வளவு குடலையும் மண்ணுல புதைக்கிறோமே, அண்ணே. அதுல கொஞ்சமா..." என்று என் தந்தை தொடங்கினார். அவருக்கு அப்போது வயது இருபது.

செப்டிமஸ் அவரை முடிக்க விடவில்லை. "கத்பர்ட்டு, ஒனக்கு மீசை மொளைச்சதே போன வருசந்தான். சூடான ரத்தம் ஒரு தடவ நாக்குல பட்டா அப்புறம் அது வளைக்குள்ள போனா வெளிய வராது. உள்ளயே கொன்னு, உள்ளயே தின்னு, உள்ளயே தூங்கும். நீ மண்வெட்டிய எடுத்துக்கிட்டு மலையவே தோண்டணும்."

"சரி, அப்ப என்னதான் போடுறது? ஜெபமா?"

"உங்க அண்ணன் வீட்டு உத்தரத்துல பன்னி தொங்குதுல்ல, போன நவம்பர்ல உப்புப் போட்டது? அந்தத் தோலை வெட்டிப் போடச் சொல்லு. நாம பூமிக்குள்ள எறங்குறோம், வேர்க்குது, உப்புக்கறி திங்கிறோம். அவளும் பூமிக்குள்ள எறங்கி வேலை பாக்குறவதானே? நமக்கு ஒத்துக்கிறது அவளுக்கும் ஒத்துக்கும்."

"அப்படின்னா சங்கத்துலயும் சேர்த்துடலாம்."

"சேக்கலாம்டா. இந்த வரிசைல இப்ப வேலைக்குப் போறவ அவ ஒருத்திதான்."

பெரியப்பாவும் சிரித்தாராம். அவர் சிரித்ததாக என் தந்தை குறிப்பிட்ட தருணங்கள் மிகச் சில.

மனிதனைப் போல் ஃபெரெட்டுக்கு வியர்ப்பதில்லை. தின்ற உப்பு அதன் உடலிலேயே தங்கும். அதைக் கழிக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அன்று முதல் குவீனிக்கு நாள்தோறும் உப்பிட்ட பன்றித்தோல் கிடைத்தது. பால் நின்றதோடு தண்ணீரும் நின்றுபோனது எவர் கருத்திலும் படவில்லை. அந்த வீட்டில் தண்ணீரை எவரும் மறுக்கவில்லை. தெருக்குழாயிலிருந்து பெரியம்மா தூக்கிவந்த வாளி எப்போதும் நிறைந்தே இருந்தது. வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அது அன்பு போலத் தோன்றியது. மழையில் நனைந்து வந்த பெரியப்பாவின் கோட்டுக் கையை குவீனி விடாமல் நக்கியது. வலையின் முடிச்சுகளில் தங்கிய பனித்துளிகளை ஒவ்வொன்றாக நக்கியது. ஒருநாள் அடுப்பங்கரையில் அவர் மடியில் இருந்தபடி, அவர் தேநீர்க் கோப்பையைக் கழுவிய ஈர விரல்களைப் பற்றிக்கொண்டது.

"பாரு, முத்தம் குடுக்குறா" என்றார் பெரியப்பா.

பெரியம்மா தையலிலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்தார். "அது கொஞ்சல் இல்ல, வில்ஃப். அது என்னத்தையோ தேடுது. எனக்குப் புடிக்கல."

"ஒனக்கு எதுதான் புடிச்சுது?"

"ஒன்னைப் புடிச்சுதே. அந்தத் தப்பு ஒண்ணு போதும்."

அக்டோபர் தொடங்கியபோது அதன் முடி முரடாகிவிட்டது, பின்னங்கால்கள் தள்ளாடின. வளைக்குள் போனால் வெளியே வரத் தாமதித்தது. ஒருநாள் காலை மலைச்சரிவில் அது ஒரு வளையிலிருந்து சாய்ந்தபடி வெளிவந்து, எங்கே நிற்கிறோம் என்று அறியாததுபோல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. என் தந்தை குனிந்து தூக்கினார். அது அவர் கட்டைவிரலின் அடிச்சதையில் பல்லைப் பதித்தது.

"இழுக்காதே!" என்று கத்தினார் பெரியப்பா. "இழுத்தா இன்னும் இறுக்கும். கைய அசைக்காதே, கத்பர்ட்டு. அப்படியே வெச்சிரு."

"எலும்ப நொறுக்குது, அண்ணே!"

"நொறுக்கட்டும். சத்தம் போட்டா விடவே விடாது."

பல்லின் பிடி தானாகத் தளரும்வரை இருவரும் அந்தச் சரிவில் அசையாமல் நின்றார்கள். என் தந்தையின் கையில் அந்தத் தழும்பு இறுதிவரை இருந்தது.

செய்தி வரிசையில் பரவியது. யாரோ இரத்தம் காட்டியிருக்கிறார்கள் என்று செப்டிமஸ் தீர்ப்புச் சொன்னார். பெரியம்மா நேராக என் தந்தையிடம் வந்தார்.

"நீயா குடுத்தே?"

"சத்தியமா இல்ல, அண்ணி."

"கொஞ்சம் போடலாம்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன், போடல. சொன்னதுக்கே இந்தப் பாடா?"

அதன்பின் குடல்களை இன்னும் ஆழமாகப் புதைத்து மேலே கல் வைத்தார்கள். குவீனி பலமிழந்திருப்பதைக் கண்டு பெரியப்பா அதற்குப் பன்றித்தோலைக் கூடுதலாக வெட்டினார். தம் பங்கிலிருந்தே வெட்டினார் என்பதையும் எழுத வேண்டும். அதற்குத் தேவைப்பட்ட உணவை அவர் நாள்தோறும் தம் கையாலேயே மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் பின்சந்தில் திருட்டு தொடங்கியது. பட்டினிக் காலத்தில் முயல் பிடிக்கும் ஃபெரெட்டைவிட மதிப்புள்ள உயிர் இல்லை. செப்டிமஸின் கூண்டை உடைத்து ஒன்றைக் கொண்டுபோய்விட்டார்கள். பெரியப்பா குவீனியை அதன் பெட்டியோடு சமையலறைக்குள் கொண்டுவந்தார்.

"இங்க வேணாம்" என்றார் பெரியம்மா.

"வெளிய வெச்சா நாளைக்கு இருக்காது. அப்புறம் எதைத் திங்கிறது?"

"அது கத்பர்ட்டக் கடிச்சது."

"அவன் தூக்கத் தெரியாமத் தூக்கினான். மூடிய கயித்தால கட்டிடறேன். பெட்டி கழுவு தொட்டிக்கு அடியில, குழந்தை இந்தப் பக்கம் அடுப்புகிட்ட. நான் இருக்கேன்ல?"

பெரியம்மா குழந்தையை அடுப்பின் பக்கம் மாற்றிக் கிடத்தினார். பிறகு, "நீ இருக்கே. சரி" என்றார்.

அவர் அவ்வாறு இணங்கியதை என் தந்தையும் சொன்னார், பெரியம்மாவும் என்னிடம் சொன்னார். இருவர் கூற்றிலும் வேறுபாடு இல்லாத இடங்களுள் இது ஒன்று.

அது நடந்த நாளில் மழை ஓய்ந்திருந்தது. பிற்பகல். தேவாலயக் கூடத்தின் கஞ்சிச்சமையலில் பாத்திரம் கழுவும் முறை அன்று பெரியம்மாவுக்கு. குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்து, துணிக்கூடையில் படுக்கவைத்து, கூடையை அடுப்பருகே இரண்டு நாற்காலிகள்மேல் இருத்திவிட்டுச் சென்றார். பெரியப்பா பின்னாளில் ஒருமுறை எனக்குச் சொன்னபடி, அவர் பின்வாசற்படியில் உட்கார்ந்து அன்றைய முயல்களை உரித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது. குழந்தை தனக்குத்தானே குழறிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. ஈரல்களை இரவு உணவுக்கென்று எனாமல் கிண்ணத்தில் எடுத்துவைத்தார்.

குழறல் நின்றது. உறங்கிவிட்டாள் என்று எண்ணினார். இன்னொரு முயலை எடுத்தார். பிறகு, சப்புக்கொட்டுவது போன்ற ஓர் ஒலி கேட்டது. குழந்தை புட்டியை உறிஞ்சும் ஒலியைப் போலிருந்தது. புட்டியைப் பெரியம்மா கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனதை அவர் பார்த்திருந்தார்.

எழுந்து உள்ளே திரும்பினார். பெட்டியின் பக்கப்பலகை ஒன்று ஈரத்தில் உளுத்திருந்தது. அதைக் குவீனி கடித்துப் பிளந்திருந்தது. அது இப்போது கூடைக்குள், குழந்தையின் மார்பின்மேல் இருந்தது. குழந்தையின் கன்னத்தில் வழிந்த பாலை நக்கியது, கழுத்து மடிப்பில் தேங்கியதை நக்கியது, உதடுகளை நக்கியது. தர்ஸா விழித்திருந்தாள். அழவில்லை. இரண்டு கைகளாலும் அந்த வெள்ளை முடியைப் பற்றியிருந்தாள். அப்போது பால் தீர்ந்திருக்க வேண்டும். குவீனி குழந்தையின் கீழுதட்டைப் பல்லால் கவ்வியது. தர்ஸா வீறிட்டாள். ஒரு கோடு இரத்தம் முகவாய்க்கு இறங்கியது.

பெரியப்பா பாயவில்லை. பாய்ந்து இழுத்தால் உதடு அதன் வாயோடு வந்துவிடும் என்பதை அவர் அறிவார். சத்தமும் போடவில்லை. பின்னோக்கி வாசற்படிக்குச் சென்று, கிண்ணத்திலிருந்து சூடு ஆறாத ஈரல் ஒன்றை எடுத்துவந்து, குழந்தையின் முகத்தருகே பிடித்தார். தம் வாழ்நாள் முழுவதும் கூடாது என்று நம்பிய செயலை, தம் குழந்தையின் முகத்துக்கு ஒரு விரல்கடை தூரத்தில் அவர் செய்தார்.

குவீனியின் மூக்கு அசைந்தது. பிடி தளர்ந்தது. அது திரும்பி ஈரலைக் கவ்வியது. அவர் கையை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுக்க, அது கூடை விளிம்பைத் தாண்டி, நாற்காலி வழியே தரைக்கு இறங்கி, அவர் விரல்களிலிருந்தே தின்றது. அந்தக் கணத்தில்தான் என் தந்தை முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்.

அவர் கண்டது இதுதான்: கூடையில் முகமெல்லாம் இரத்தத்தோடு வீறிடும் குழந்தை, தரையில் மண்டியிட்டு, சிவந்த விரல்களால் ஃபெரெட்டுக்குப் பச்சை ஈரல் ஊட்டும் அண்ணன்.

"அண்ணே... என்ன காரியம் பண்றே?"

"குழந்தையத் தூக்கு. தூக்கிட்டுப் போ."

என் தந்தை தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் கண்டதைச் சொன்னார். பெரியம்மா தேவாலயத்திலிருந்து ஓடிவருவதற்குள் செய்தி அவருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது.

தெருவில் என் தந்தையிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு பெரியம்மா உள்ளே வந்த வேளையில் குவீனி வாளியின் விளிம்பில் தொங்கிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குடித்தது, நிறுத்தவே இல்லை. பெரியப்பா அதைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அதுக்குத் தாகம், டார்கஸ்" என்றார். "தாகந்தான். நான் உப்பப் போட்டுப் போட்டு... தண்ணி வைக்கவே இல்ல."

"நீ ரத்தம் குடுத்தியாம்."

"அது கடிச்சப்புறம் குடுத்தேன். விடுவிக்கிறதுக்கு."

"கத்பர்ட் பாத்திருக்கான்."

"அவன் பாத்தது கடைசில நடந்தத மட்டுந்தான்."

"நான் இருக்கேன்னு சொன்னே." அவ்வளவுதான் அவர் சொன்னார். குழந்தையோடு மாடியறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டார்.

மறுநாள் காலை குவீனி கைகால்கள் வெட்டியிழுக்க இறந்தது. உப்பு ஏறிய உடலுக்குள் திடீரென்று மிகுந்த நீர் செல்வதும் கொல்லும் என்று ஒரு கால்நடை மருத்துவர் பிற்காலத்தில் எனக்குச் சொன்னார். பெரியப்பாவிடம் நான் அதைத் தெரிவிக்கவில்லை.

தர்ஸாவின் உதடு வீங்கியது, பிறகு முகத்தில் ஒரு பக்கம் முழுவதும் வீங்கியது, காய்ச்சல் ஏறியது. மருத்துவர் வந்து புண்ணைத் திறந்து கழுவினார். எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பெரியப்பா படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருப்பார். மாடியிலிருந்து அழுகுரல் கேட்டால் எழுந்து நிற்பார். கேட்கவில்லையென்றாலும் எழுந்து நிற்பார். ஒருமுறை மேலே சென்று கதவைத் தட்டினார். "கீழ போ" என்று மட்டும் பதில் வந்தது. இதற்கு முன் புதைத்த இரு குழந்தைகளுக்கும் அந்த அறையில்தான் உயிர் பிரிந்தது.

அந்த நாட்களில் ஒருமுறை, பேச்சே இல்லாத அந்த மனிதர் வரிசையில் ஃபெரெட் வளர்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றார். தண்ணீர் வையுங்கள், உப்புக்கறி வேண்டாம், முயல் குடலைப் புதைக்காமல் அப்படியே பச்சையாகப் போடுங்கள் என்று சொன்னார்.

செப்டிமஸ் கதவை முழுவதும் திறக்கவில்லை. "ஒம் புள்ள மூஞ்சியப் பாத்துட்டுமா இதச் சொல்றே? போய்யா, ரத்தம் ஊட்டி."

அந்தப் பெயர் அவரைப் பற்றிக்கொண்டது. எவரும் தம் வழக்கத்தை மாற்றவில்லை. மாறாக, தடை மேலும் கடுமையாயிற்று. தர்ஸாவின் உதட்டுப் புண்ணே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நுரையீரலில் கரி படிந்து அவர் இறந்தபோது சவ ஊர்வலத்தில் நடந்தவர்கள்கூடத் தங்களுக்குள் அந்தப் பெயரால்தான் அவரைக் குறிப்பிட்டார்கள். என் தந்தையும் தாம் கண்டதை மட்டுமே கடைசிவரை சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை.

நான் அறிய விரும்பியது, பெரியம்மா எதை நம்பினார் என்பதே. அவரிடமே கேட்டேன்.

காய்ச்சல் தணிந்தபின், கழுவு தொட்டிக்கு அடியிலிருந்த பெட்டியை அப்புறப்படுத்தி அந்த மூலையைத் தேய்த்துக் கழுவினாராம். அங்கே சுவரில் ஈரம் கசியும். வருடக்கணக்கான அடுப்புக் கரி படிந்து கறுத்த கல். பெட்டியின் கம்பி இடைவெளிக்கு நேராக மட்டும், ஒரு சிறிய தலை எட்டக்கூடிய உயரம்வரை, அந்தக் கல் வெளுத்திருந்தது. நாக்கு படும் இடமெல்லாம் புதுக்கல் போல வழுவழுவென்று இருந்தது. என் தந்தையை அழைத்துக் காட்டினார். "சுவருதானே, அண்ணி" என்றார் அவர். பெரியம்மா வேறு எவரையும் அழைக்கவில்லை. கணவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையில் குழந்தையை இன்னும் கொடுக்கவும் இல்லை.

நவம்பர் இறுதியில் சுரங்கம் திறந்தது. தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள். முதல்நாள் காலை ஆண்கள் வரிசையாகப் புறப்பட, பெண்கள் வாசல்களில் நின்றார்கள். செப்டிமஸும் அவர் மனைவியும் நின்றார்கள். என் தந்தையும் நின்றார். பெரியப்பா தலையைக் குனிந்தபடி உணவுப்பெட்டியோடு வெளியே வந்தார். பெரியம்மா குழந்தையோடு அவர் பின்னால் தெருவின் நடுவரை நடந்து வந்தார். அங்கே நின்றார்.

"இவளப் புடி. என் பூட்ஸ் கயிறு அவுந்துபோச்சு."

பெரியப்பா உணவுப்பெட்டியைக் கீழே வைத்தார். குழந்தையை வாங்கினார். வாங்கிய கைகள் மரம்போல் விறைத்திருந்தன என்று என் தந்தை கூறினார். தர்ஸா இழுத்துக் கோணிய உதட்டோடு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா குனிந்து தம் பூட்ஸ் ஒன்றின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். பிறகு மற்றதையும் அவிழ்த்துக் கட்டினார். சுரங்கத்தின் சங்கு ஊதியது. வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அவசரமே இல்லாமல் கட்டினார்.